கலவை தின்னும் கைகள்

தளம் போடும்போது ஈரக் கலவையில் மண்டியிட்டு வேலை பார்ப்பவருக்கு அந்த நேரத்தில் ஒன்றும் உறைக்காது. இரவில்தான் முழங்கால் எரியும். மறுநாள் தோல் கறுத்துப் புண்ணாகியிருக்கும். சிராய்ப்பு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். உண்மையில் அது காரம் சுட்ட புண். உடனே வலிக்காததுதான் இதில் உள்ள ஆபத்தே.

தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. கொத்தனாரிடம் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்: செல்கள் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்பு சாந்து. உள்ளிருக்கும் ஈரத்தைக் காப்பதும் வெளியே இருப்பதைத் தடுப்பதும் இந்தச் சுவர்தான். லேசான அமிலத்தன்மையில்தான் அது உறுதியாக நிற்கும், அதன் பி.எச். அளவு சுமார் 5. தண்ணீர் பட்ட சிமென்ட்டுக்கோ 12-க்கு மேல். ஓர் எண் ஏறினால் பத்து மடங்கு என்பது கணக்கு. ஆக, வித்தியாசம் ஒரு கோடி மடங்கு! அந்தக் காரம் கொழுப்பைக் கரைக்கிறது, மணல் தேய்க்கிறது. சித்தாள்களின் விரலிடுக்கில் வெடிப்பு விழுவது இப்படித்தான்.

வெடிப்பு வழியே அடுத்த வம்பு நுழைகிறது. சிமென்ட்டில் சிறிதளவு இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடரும். தொழிலையே கைவிட்டவர்கள் உண்டு. டென்மார்க் 1983-லேயே சிமென்ட்டில் இரும்பு சல்பேட் கலக்கவைத்து இந்தக் குரோமியத்தைக் கட்டுப்படுத்தியது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது.

‘கையுறை மாட்டினால் கரண்டி பிடிக்க வராது’ என்பார்கள். பாதி உண்மை, அளவு சரியில்லாத கையுறை தொல்லைதான். துணிக் கையுறை அதைவிட மோசம், கலவைத் தண்ணீரை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துவிடும். ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறையே நல்லது. அதற்குள்ளும் கலவை போய்விட்டால் உடனே கழற்றிக் கை கழுவ வேண்டும். வேலைக்கு முன் தேங்காய் எண்ணெய் தடவுவது கையுறைக்கு ஈடாகாது. மாலையில் மண்ணெண்ணெயோ சலவைத்தூளோ போட்டுத் தேய்ப்பது மிச்சமிருக்கும் கொழுப்பையும் வழித்துவிடும். மென்மையான சோப்பு போதும். பிறகு ஈரம் காய்வதற்குள் வாசலின் பூசலாம்.

எரிச்சல் கண்டால் கலவை பட்ட துணியைக் களைந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கரண்டி கழுவும் டிரம்மிலேயே கையையும் கழுவ விடாதீர்கள், தனியாக நல்ல தண்ணீர் வையுங்கள். ஒரு ஜோடி ரப்பர் கையுறைக்கு ஒரு மூட்டை சிமென்ட் விலைகூட ஆகாது.