மலை ஏன் சரிகிறது?

திருப்பூரை அடுத்த அருள்புரத்தில் ஐப்பசி மழை கொட்டினால் என்ன ஆகும்? தெருவில் தண்ணீர் நிற்கும். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் நனைந்துகொண்டே போவார்கள். ஆனால், வீட்டின் மேல் மண் வந்து விழுமோ என்று யாரும் பயப்படுவதில்லை.

அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் தாண்டி நீலகிரி மலை ஏறினால் கதையே வேறு. அதே ஐப்பசி மழை அங்கே உயிரைக் குடித்துவிடுகிறது!

2009-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், ஊட்டி அருகே கேத்தியில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பல இடங்களில் மலை சரிந்தது. வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. 40 பேருக்கு மேல் மாண்டார்கள்.

காரணம் என்ன?

நம் ஊர் சமவெளி. மண் சரிந்து போக இடமே இல்லை. கிணறு வெட்டினால் கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டும்.

நீலகிரியிலும் அடியில் இருப்பது கடினமான பாறைதான். ஆனால் அது வெகு காலமாக மழையிலும் வெயிலிலும் மக்கி மண்ணாகிவிட்டது. சில இடங்களில் அந்த மண் 100 அடிக்கும் மேல் ஆழம்! மேலே செம்மண். அதன் அடியில் வழவழப்பான களிமண். மழைநீர் செம்மண்ணில் இறங்கும். களிமண்ணில் எளிதில் இறங்காது. நடுவிலே தங்கிவிடும்.

சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். உலர்ந்த துணியை ஒருவர் தூக்கலாம். நனைந்த துணிக்கு இரண்டு பேர் வேண்டும். மண்ணும் அப்படித்தான். நனைந்தால் கனக்கும், பிடிப்பும் விட்டுப்போகும். சரிவில் அது எப்படி நிற்கும்?

மனிதன் செய்யும் பிழை

சாலைக்காகவும் வீட்டுக்காகவும் சரிவின் அடிவாரத்தை வெட்டுகிறோம். அடுக்கிய மூட்டைகளில் அடி மூட்டையை உருவினால் என்ன ஆகும்? மேலே இருப்பது சாயும் அல்லவா? தண்ணீர் போகும் ஓடையை அடைப்பதும் அதே ஆபத்துத்தான்.

தூரமும் காப்பாற்றாது

2020 ஆகஸ்ட் 6-ந் தேதி இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகள் புதைந்தன. 70 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் தமிழர்கள்.

2024 ஜூலை 30-ந் தேதி விடியுமுன், வயநாட்டில் மலை உடைந்தது. மண்ணும் பாறையும் ஆற்றின் வழியே சுமார் 8 கிலோமீட்டர் பாய்ந்தன. முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அழிந்தன. 250 பேருக்கு மேல் மாண்டார்கள்.

இந்த இரண்டு துயரங்களும் ஜனங்கள் தூங்கும் நேரத்தில் நேர்ந்தவை!

மலை சொல்லும் அடையாளங்கள்

தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு. மரமும் கம்பமும் சாய்தல். கதவு திடீரென இறுகிப்போதல். ஓடை நீர் திடீரெனக் கலங்குதல் அல்லது குறைதல் - இவற்றைக் கண்டால் தாமதிக்கக் கூடாது. பொழுது சாயுமுன் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். மண் பாயும் திசையில் ஓடக் கூடாது. பக்கவாட்டில் விலகி மேட்டுக்கு ஏற வேண்டும்.

மலையில் உங்கள் உறவினர் இருக்கிறார்களா? இன்றே இதைச் சொல்லுங்கள். வீடு போனால் கட்டிக்கொள்ளலாம். உயிர் போனால் வருமா?