250 ரூபாய் டார்ச் உண்மையிலேயே மலிவா?

ராத்திரி மோட்டார் போட வயலுக்குப் போறீங்க. நடு வரப்புல டார்ச் அணைஞ்சிடுச்சுன்னா, காலடியில பாம்பு இருந்தாலும் தெரியாது. அதனால விலையை மட்டும் பார்க்காம, கணக்கைப் பாருங்க.

250 ரூபாய் டார்ச் 6 மாசம் உழைக்குதுன்னு வச்சுக்கோங்க. 3 வருஷத்துக்கு 6 டார்ச், 1,500 ரூபாய். 900 ரூபாய் டார்ச்சுக்கு நடுவுல 300 ரூபாய்ல ஒரு பேட்டரி மாத்தினாலும் மொத்தம் 1,200தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய 3 விஷயம்:

1. பேட்டரியைக் கழற்றி மாத்த முடியணும். 18650 லித்தியம் செல் போடுற மாடல்னா தனியா செல் வாங்கிக்கலாம்.

2. அந்த செல்லுல 9,900 எம்ஏஎச்னு போட்டிருந்தா நம்பாதீங்க. நல்ல 18650 செல்லே 3,500 எம்ஏஎச் சுமார்தான்.

3. வீட்டுக்கு 100–200 லூமென் போதும். மழையில வேலைன்னா ஐபிஎக்ஸ்4-க்குக் குறையக் கூடாது.

தொழிலுக்கு வாங்கினா பில்லைப் பத்திரமா வைங்க. வருமான வரிக் கணக்குல அதைத் தொழில் செலவா காட்டலாம்.