அனலாக் சுற்று உருவகப்படுத்துதலில் சைகை மூலப் போர்ட்டின் செயல்பாடு

முன்னுரை

1973இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வெளிவந்த ஸ்பைஸ் நிரலின் வழிவந்தது என்ஜிஸ்பைஸ். மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம் உருவாக்கிய இ-சிம் மென்பொருள் இதனையே கணிப்புக்குப் பயன்படுத்துகிறது. இத்தகைய நிரல்களில் போர்ட் எனும் உறுப்பு தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதால் நேரும் பிழையை இக்கட்டுரை விளக்குகிறது.

போர்ட்டின் அமைப்பு

நல்லியல்பு மின்னழுத்த மூலத்திற்கு அகமின்தடை இல்லை; பளு மாறினும் அதன் அழுத்தம் மாறாது. போர்ட் என்பது அம்மூலத்துடன் ஒரு மின்தடை, பெரும்பாலும் 50 ஓம், தொடராக இணைந்த அமைப்பாகும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஓர் எண் உண்டு. சிதறல் அளபுருக்களைக் கணிக்கையில் நிரல் ஒரு நேரத்தில் ஒரு போர்ட்டை மட்டுமே கிளர்த்தும். ஏனையவை பளு மின்தடைகளாக மட்டும் நிற்கும்.

எடுத்துக்காட்டு

50 ஓம் பளுவிற்கு 1 மில்லிவாட் திறன் வழங்க, பளுவின் குறுக்கே 0.316 வோல்ட் உச்ச அழுத்தம் வேண்டும். அகமின்தடையிலும் அதே அளவு வீழ்வதால் மின்னியக்கு விசை 0.632 வோல்ட் ஆகிறது. பளுவை நீக்கினால் முனைகளில் 0.632 வோல்ட் முழுமையாகத் தோன்றும். பொருந்திய பளுவுள்ள சுற்றில் மின்னியக்கு விசையையே உள்ளீடாகக் கொண்டு பெருக்கத்தைக் கணித்தால், விடை 6 டெசிபெல் குறைந்துவிடும். வெளியே மேலும் ஒரு 50 ஓம் மின்தடையைத் தொடராகச் சேர்ப்பதும் பிழையே. மூலத்தின் மின்தடை 100 ஓம் ஆகிவிடும்.

முடிவுரை

தரப்படும் எண் மின்னியக்கு விசையா, பொருந்திய பளுவின் அழுத்தமா என்பது நிரலுக்கு நிரல் வேறுபடும். எனவே தெரிந்த மின்தடை ஒன்றை இணைத்துச் சோதித்த பின்னரே முடிவுகளை ஆய்வேட்டில் பதிவுசெய்தல் வேண்டும்.