எட்டு மணிக்குப் பாசம், ஒன்பது மணிக்கு விவாதம்

‘ஸ்டார் மா’ தொலைக்காட்சியில் 2020 பிப்ரவரியில் ‘இன்டின்டி கிருகலட்சுமி’ என்ற தெலுங்குத் தொடர் தொடங்கியது. துளசி என்ற குடும்பத் தலைவியின் கதை. மாமனார், மாமியார், மூன்று பிள்ளைகள் என்று எல்லோருக்கும் உழைத்து ஓடாய்த் தேய்கிறவளைக் கணவன் இன்னொருத்திக்காக விட்டுவிடுகிறான். அழுது முடித்து அவள் எழுந்து நிற்பதற்குள் நாலு வருஷம் ஓடிவிட்டது. துளசியாக நடித்தவர் நம்மூர் கஸ்தூரி. ‘அமைதிப்படை’யிலும் ‘இந்தியன்’ படத்திலும் தமிழர்கள் பார்த்த அதே கஸ்தூரி. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குள் வந்துபோகும் ஆளாகிவிட்டார்.

தொடர் 2024 ஜனவரியில் முடிந்தது. அதே ஆண்டு நவம்பர் 3 அன்று சென்னை எழும்பூரில், பிராமணர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று நடந்த ஆர்ப்பாட்டத்தில் கஸ்தூரி மைக்கைப் பிடித்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ராஜாக்களின் அந்தப்புரத்துக்குப் பணிவிடை செய்ய வந்தவர்கள் என்ற பொருளில் தெலுங்கு பேசுகிறவர்களைப் பற்றி ஒரு பேச்சு. மறுநாளே புகார்கள் குவிந்தன. ஒட்டுமொத்தத் தெலுங்கு மக்களைச் சொல்லவில்லை, குறிப்பிட்ட சிலரைத்தான் சொன்னேன் என்று விளக்கம் கொடுத்துப் பேச்சைத் திரும்பப் பெற்றார். வழக்குகள் நிற்கவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முன்ஜாமீன் தர மறுத்தது. நவம்பர் 16 அன்று தமிழகக் காவல்துறை அவரைக் கைது செய்தது ஹைதராபாத்தில். துளசியைக் கொண்டாடிய அதே ஹைதராபாத். சில நாள் புழல் சிறை, பிறகு ஜாமீன். 2025 ஆகஸ்டில் பா.ஜ.க.வில் சேர்ந்தார்.

ஒரே ஆள்தான். ஆறாண்டுக்குள் ஒரு மொழிக்காரர்களுக்கு வீட்டுப் பெண்ணாக இருந்து, அவர்கள் கோபத்துக்கு ஆளாகி, ஒரு கட்சியின் ஆதரவாளர்களுக்குத் தைரியசாலியாகி, மற்றக் கட்சிக்காரர்களுக்கு வாய்த்துடுக்குக்காரியாகிவிட்டார். இதில் ரசிகரின் கருத்து என்பது எது?

இதற்குப் பதில் தேட, டி.வி. பார்க்கிறவர்கள் இருக்கும் பக்கம் போக வேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலை எடுத்துக்கொள்ளலாம். காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டம். வீரராஜேந்திர சோழன் காலத்தில் பதினைந்து படுக்கையோடு ஆதுலர் சாலை என்ற மருத்துவமனை நடந்ததைக் கல்வெட்டில் வைத்திருக்கும் பெருமாள் கோயில் அங்கேதான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் இன்றைக்குக் கல்குவாரி, கிரஷர், டிப்பர் லாரி, புழுதி. இப்படிப்பட்ட ஊர்களில் வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது 2006க்குப் பிறகு, அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியால். 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேலான பெட்டிகள் தமிழ்நாடு முழுக்கப் போயின. அதற்கு முன் பஞ்சாயத்து டி.வி.யில் கும்பலாய்ப் பார்த்தவர்கள், உலை கொதிக்கும்போதே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களானார்கள்.

மறுநாள் நூறு நாள் வேலையில், ஏரிக்கரையில், முந்தின ராத்திரிக் கதைதான் பேச்சு. ‘பாக்கியலட்சுமி’ தொடர் ஓடிய காலத்தில், பாக்கியாவின் கணவன் கோபி வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை. “அவன் மூஞ்சில முழிச்சா அன்னிக்குச் சோறு கெடைக்காதுடி” என்பார் ஒருவர். “பாக்கியா இன்னும் ஏன் பொறுத்துட்டு கீறா?” என்பார் இன்னொருவர். இந்தப் பேச்சில் பாக்கியாவாக நடித்த சுசித்ரா என்ற கன்னட நடிகைக்கு இடமே கிடையாது. பாக்கியாதான் இருக்கிறாள்.

பாக்கியாவும் துளசியும் ஒருவகையில் அக்கா தங்கைகள். ‘ஸ்ரீமொயி’ என்ற வங்காளத் தொடர் 2019இல் தொடங்கி, தமிழில் பாக்கியலட்சுமி, தெலுங்கில் கிருகலட்சுமி, மலையாளத்தில் ‘குடும்பவிளக்கு’, இந்தியில் ‘அனுபமா’ என்று பல மொழிகளுக்குப் போனது. கைவிடப்பட்ட அதே இல்லத்தரசிதான் எல்லாவற்றிலும். அனுபமாவாக நடிக்கும் ரூபாலி கங்குலி 2024 மே 1 அன்று பா.ஜ.க.வில் சேர்ந்தார். ஓர் அடுப்படியில் பிறந்த பாத்திரம் எத்தனை அரசியல் மேடைக்குத்தான் வழிவிடும்!

சினிமா நட்சத்திரத்துக்கும் தொடர் நடிகைக்கும் இங்கேதான் வேறுபாடு. எம்.ஜி.ஆர். திரையில் குடிக்கவும் மாட்டார், புகைபிடிக்கவும் மாட்டார். தன் பிம்பத்தைப் படத்துக்குப் படம் அவரே செதுக்கினார். 1967இல் எம்.ஆர். ராதா சுட்டதில் கழுத்தில் கட்டோடு படுத்திருந்த படம் சுவரொட்டியாகி ஊர் ஊராய்ப் போனது. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். படத்தில் பார்த்தவரும் வாக்குக் கேட்டவரும் ஒரே ஆளாக மக்களுக்குத் தெரிந்தார்கள். ஆனால் அந்த வித்தை எல்லோருக்கும் பலிக்கவில்லை. நடிகர் திலகம் என்று தலையில் தூக்கிவைத்து ஆடிய தமிழர்கள்தான் 1989இல் திருவையாற்றில் சிவாஜி கணேசனைத் தோற்கடித்தார்கள்.

தொடர் நடிகைக்குப் பாத்திரமே சொந்தமில்லை. அது சேனலுக்குச் சொந்தம். ஒருநாள் திரையில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி ஓடும். அன்றிலிருந்து வேறொரு முகம் வந்து அதே தாலியோடு அதே மாமியாரிடம் திட்டு வாங்கும். இரண்டு வாரம் முணுமுணுத்துவிட்டுப் பார்க்கிறவர்களும் பழகிவிடுவார்கள். பாசம் பாத்திரத்தோடு தங்கிவிடுகிறது. நடிகை மேடைக்குப் போகும்போது அதிலிருந்து கொஞ்சம்தான் கூடப் போகிறது.

பழக்கமே இல்லாத ஒருவரைப் பழகினவராக நினைக்கும் இந்த உறவைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956லேயே எழுதியிருக்கிறார்கள். டி.வி. அங்கேயே புதுசாக இருந்த காலம். திரையிலிருப்பவர் நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிறார், தினமும் வருகிறார். அதனால் ஒருதலையான ஒரு நட்பு வளர்கிறது என்றார்கள். நம் ஊரில் நட்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, நேராக உறவுமுறைதான். 1999 முதல் 2001 வரை சன் டி.வி. தொடர் ஒன்றில் சாரதாவாக வந்த ராதிகாவுக்கு அந்தத் தொடரின் பெயரே முறைப்பெயராக ஒட்டிக்கொண்டது. அவர் ஊருக்கே சித்தி. 2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகரில் பா.ஜ.க. வேட்பாளராக நின்றபோது மூன்றாம் இடம்தான் கிடைத்தது. சித்தி என்று கூப்பிடுவது வேறு, சின்னத்தில் குத்துவது வேறு என்பதில் வாக்காளருக்குக் குழப்பமே இருந்ததில்லை.

உறவுமுறை என்று வந்துவிட்டால் கோபமும் அந்த முறையில்தான் வரும். அதற்குக் குஷ்புவை விடப் பெரிய சாட்சி தமிழ்நாட்டில் கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருச்சியில் அவருக்குக் கோயிலே கட்டினார்கள். ஹோட்டலில் குஷ்பு இட்லி வந்தது. ஜெயா டி.வி.யில் ‘ஜாக்பாட்’ நடத்தியபோது, விளையாட்டில் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட அன்றைக்கு அவர் போட்டிருந்த ஜாக்கெட்டின் கை வேலைப்பாடு என்ன என்பதே பேச்சு. தையல்காரரிடம் போய் ‘அதே மாடல்’ என்றால் போதும், அவருக்குப் புரிந்துவிடும். 2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு குறித்து ஒரு பத்திரிகையில் அவர் சொன்ன கருத்து வெளியானது. துடைப்பத்தோடும் செருப்போடும் ஆர்ப்பாட்டம் கிளம்பியது. ஊர் ஊராக இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். ஐந்து வருஷம் இழுத்து, 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தனை வழக்குகளையும் தள்ளுபடி செய்தது.

அடுத்த மாதமே தி.மு.க.வில் சேர்ந்தார். 2014இல் காங்கிரஸ், 2020 அக்டோபரில் பா.ஜ.க. ஒவ்வொரு தாவலிலும் ஒரு வேடிக்கை நடந்தது. நேற்றுவரை திட்டியவர்கள் மாலை போட்டார்கள், நேற்றுவரை மாலை போட்டவர்கள் பழைய பேட்டிகளைத் தோண்டி எடுத்தார்கள். 2021இல் ஆயிரம் விளக்குத் தொகுதியில் தி.மு.க.வின் எழிலனிடம் தோற்றார். இவ்வளவுக்கும் நடுவே ஜாக்பாட்டைப் பார்த்துப் பழகின பெண்களின் மனசில் என்ன பெரிய மாற்றம் வந்தது என்று கேட்டால், அதிகமில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. மாறி மாறிக் கத்தியவர்கள் பெரும்பாலும் கட்சிக்காரர்கள். ரசிகரின் பெயரைச் சொல்லி அவர்கள்தான் தீர்ப்பு எழுதினார்கள்.

கஸ்தூரி விஷயம் வேறு மாதிரி. எந்தக் கட்சியிலும் இல்லாதபோதே அவர் அரசியல் பேசினார். 2011 முதல் புதிய தலைமுறை, தந்தி டி.வி., நியூஸ் 7 என்று வரிசையாக வந்த செய்தி சேனல்களுக்கு ராத்திரி விவாதத்துக்கு ஆள் தேவைப்பட்டது. நாலு பெட்டி, நாலு முகம், கீழே ஒரு பட்டை. அந்தப் பட்டையில் என்ன போடுகிறார்கள் என்பதைக் கவனித்தால் பாதி அரசியல் விளங்கிவிடும். ‘மூத்த பத்திரிகையாளர்’, ‘அரசியல் விமர்சகர்’, ‘வழக்கறிஞர்’ என்று மற்றவர்களுக்குப் போடுவார்கள். நடிகை எத்தனை வருஷம் விவாதித்தாலும் ‘நடிகை’தான். சட்டம் பேசினாலும் வரி பேசினாலும் முதலில் பார்க்கிறவர் கண்ணில் படுவது அந்தச் சொல்தான். எதிர்க்கருத்து கிடைக்காதவர்கள் அவருடைய பழைய படக் காட்சி ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். ஆண் நடிகர்கள் உளறும்போது அவர்கள் உளறலுக்காகத்தான் திட்டு வாங்குகிறார்கள். இந்தச் சலுகை பெண்களுக்குக் கிடைப்பதில்லை. அதற்காக எழும்பூர்ப் பேச்சு நியாயமாகிவிடாது. காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழுமாகப் பேசுகிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண் ஒருத்தி அந்தப் பேச்சைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசிக்க, பெரிய வரலாற்று ஞானம் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. தொடர் வருவது டி.வி.யில், அரைமணி நேரம், வருஷக்கணக்கில். அரசியல் பேச்சு வருவது செல்போனில், முப்பது விநாடி, முன்னும் பின்னும் வெட்டி. டி.வி. வீட்டுக்குப் பொது, செல்போன் தனி ஆளுக்கு. அம்மா துளசியைப் பார்த்த வீட்டிலேயே மகன் வாட்ஸ்அப்பில் கஸ்தூரியைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருப்பான். இரண்டும் ஒரே முகம் என்று ஒருநாள் அம்மாவுக்குத் தெரியவரும்போது, “அட, இவளா அவ?” என்ற கேள்விதான் முதலில் வரும். கோபமோ பெருமிதமோ அதற்குப் பிறகுதான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருமுக்கூடலுக்கு அக்கம்பக்கத்து ஊர்தான். முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், ஊர்ச் சபைத் தேர்தலின் குடவோலைக்குப் பெயர் எழுத என்ன தகுதி வேண்டும் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கிட்டவே வரக்கூடாது. பெண்களுக்கு அதில் இடமில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் கணக்கைக் கேட்டார்கள். மேடையேறும் நடிகையிடம் நாம் கேட்பது நடத்தையைத்தான். துளசி இப்படிப் பேசலாமா, சீதை இப்படி நிற்கலாமா என்று.

சீதையும் நின்றவர்தான். 1987 முதல் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தெருக்களைக் காலியாக்கிய தூர்தர்ஷன் ‘ராமாயண’த்தில் சீதையாக நடித்த தீபிகா சிக்லியா, 1991இல் பரோடாவில் பா.ஜ.க. சார்பில் நின்று ஜெயித்தார். அதே தேர்தலில் ராவணனாக நடித்த அர்விந்த் திரிவேதியும் அதே கட்சியில், அதே குஜராத்தின் சாபர்காண்டாவில் ஜெயித்தார். சீதைக்கு ஓட்டுப் போட்டது பக்தி என்றால், ராவணனுக்குப் போட்டது எதுவாம்?

நடிகை, அமைச்சர், மறுபடி நடிகை என்று முழு வட்டமும் சுற்றியவர் ஸ்மிருதி இரானி. ‘கியோங்கி சாஸ் பி கபி பஹு தீ’ தொடரில் 2000இல் துளசி ஆனார். ஆமாம், அவரும் துளசிதான். 2003இல் பா.ஜ.க., 2004இல் டெல்லி சாந்தினி சௌக்கில் கபில் சிபலிடம் தோல்வி. துளசி நாட்டின் மருமகளாகக் கொடிகட்டிப் பறந்த காலத்தில்தான் அந்தத் தோல்வி வந்தது. 2014இல் அமேதியில் ராகுல் காந்தியிடம் தோற்றும் மத்திய அமைச்சரானார். 2019இல் அதே அமேதியில் ராகுலை 55,120 வாக்கு வித்தியாசத்தில் வீழ்த்தினார். வெற்றிக்குக் காரணம் துளசி என்று சொல்பவர்கள், ஐந்து வருஷம் அவர் தொகுதியை விடாமல் சுற்றியதை மறந்துவிடுகிறார்கள். 2024இல் காங்கிரஸின் கிஷோரி லால் சர்மாவிடம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார்.

அடுத்த ஆண்டு ஜூலை 29 அன்று, பட்டுப்புடவையும் பொட்டுமாகத் துளசி திரும்பி வந்தார். நாடாளுமன்றத்தில் அவர் பேசியதை வைத்துப் பத்து வருஷம் சண்டை போட்ட நாட்டில், தொடரின் இரண்டாம் பாகம் வந்த வேகத்தில் தரவரிசையின் முன்வரிசைக்குப் போனது. தோற்கடித்தவர்களில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை, எண்ணவும் முடியாது. அங்கே அவருக்குப் போட்டி எதிர்க்கட்சி கிடையாது. ஸ்டார் பிளஸில் பத்து மணிக்கு ரூபாலி கங்குலியின் அனுபமா, பத்தரைக்கு ஸ்மிருதி இரானியின் துளசி. இரண்டு பேரும் ஒரே கட்சி, ஒரே சேனல். யார் முதலிடம் என்ற சண்டையைத்தான் பார்க்கிறவர்கள் வாராவாரம் தீர்த்துவைத்துக்கொண்டிருந்தார்கள்.