கட்டைவிரல் பிரேக்

1992-ஆம் ஆண்டு 500 சிசி மோட்டார் சைக்கிள் உலகப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் மிக் டூஹன் யாரும் நெருங்க முடியாத முன்னணியில் இருந்தார். நெதர்லாந்தின் அசென் ஓடுதளத்தில், பயிற்சியின்போது விழுந்து வலது கால் முறிந்தது. சிகிச்சையிலும் சிக்கல். ரத்த ஓட்டம் குறைந்து, காலையே எடுக்க வேண்டிவரும் என்ற நிலை. இத்தாலிய மருத்துவர் கிளாடியோ கோஸ்டா துணிந்து ஒரு காரியம் செய்தார். இடது காலின் ரத்தம் வலது காலுக்கும் கிடைக்கட்டும் என்று இரண்டு கால்களையும் சேர்த்துத் தைத்துவிட்டார்! கால் பிழைத்தது. அந்த ஆண்டின் கடைசி இரண்டு பந்தயங்களுக்கு டூஹன் திரும்பியும் வந்தார். ஆனால் பட்டம் வெறும் 4 புள்ளிகளில் அமெரிக்காவின் வெய்ன் ரெய்னிக்குப் போனது.

கணுக்கால் சரியாக மடங்கவில்லை. பின்சக்கர பிரேக்கை வலது காலால்தானே மிதிக்க வேண்டும்? இடது கைப்பிடியில், கட்டைவிரலால் அழுத்தும் பிரேக்கைப் பொருத்தினார்கள். அப்புறம் 1994 முதல் 1998 வரை தொடர்ந்து 5 உலகப் பட்டங்கள், எல்லாமே ஹோண்டாவில். 1997-இல் மட்டும் 15 பந்தயங்களில் 12 வெற்றி! 1999-இல் ஸ்பெயினின் ஹெரெஸில் மறுபடி விழுந்தார். அதோடு பந்தயத்துக்கு விடை கொடுத்தார். அந்தக் கட்டைவிரல் பிரேக்கை, கால் நன்றாக இருக்கும் மோட்டோஜிபி வீரர்களும் பின்னாளில் விரும்பிப் பொருத்திக்கொண்டார்கள்.