தறியும் நன்றியும்

வாழ்வாதாரம் தளரும் காலங்களில் நன்றி என்னும் சொல்லைப் போல எளிதில் அறிவுரையாகிவிடுவது வேறில்லை. உள்ளதைக் கொண்டு மனம் நிறைவு பெறுக என்று பசியறியாதவர் பசித்தவரிடம் கூறும்போது, அது வாய்மூடி இருக்குமாறு இடும் கட்டளையாகவே ஒலிக்கும். நம் முன்னோர் ‘ஷுக்ர்’ என்பதை இப்பொருளில்தான் விளக்கினார்களா? காஞ்சிப் பட்டு நெசவாளரின் வாழ்வை முன்வைத்து இதனைச் சற்றே ஆராய்வோம்.

வாலாஜாபாத்துக்கு அருகிலுள்ள தென்னேரி, தன் பேரேரியாலும் பட்டுத் தறிகளாலும் அறியப்படும் ஊர். காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த நெசவூர்களில் இத்தொழில் பெரும்பாலும் கூலி முறையிலேயே நடைபெறுகிறது. கூட்டுறவுச் சங்கமோ வணிகரோ பட்டும் ஜரிகையும் தர, நெசவாளர் தம் வீட்டுத் தறியில் சேலையாக்கிக் கொடுத்துக் கூலி பெறுகிறார். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக மூன்று நாடாக்கள் ஓடும் கோர்வைச் சேலைக்கு உடனிருந்து உதவ இன்னொருவர் வேண்டும். தார் சுற்றுவதற்கும் வீட்டார் கை வேண்டும். ஒருவர் பெறும் கூலிக்குப் பின்னே ஒரு குடும்பத்தின் உழைப்பு இருக்கிறது. அடுத்த பாவு வரவில்லையெனில் அக்குடும்பம் முழுவதும் வேலையற்றுப் போகிறது.

பட்டின் விலை, ஜரிகைக்கான வெள்ளி, தங்கத்தின் விலை, விசைத்தறியின் போட்டி, திருமணங்கள் குறைந்த மாதங்கள், மழைக்காலத்தில் தறிக்குழியில் ஊறும் நீர் ஆகிய எவையும் நெசவாளரின் கட்டுப்பாட்டில் இல்லை. காஞ்சிப் பட்டு 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெயருக்குக் கிடைத்த அக்காப்பு, கூலிக்குக் கிடைத்துவிடவில்லை. நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி (2019-20), நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டினர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து திருமணங்களும் கடைகளும் நின்றபோது அவ்வருவாய்க்கும் வழியில்லாது போயிற்று.

தறியை விட்டு ஆலைக்குச் சென்றால் நிலையான வருவாய் கிட்டும் என இளைஞர் பலர் நம்பினர். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலைநகரில் ஃபோர்டு தன் கார் உற்பத்தியை 2022-இல் முடித்துக்கொண்டது. நிலையாமை தறிக்கு மட்டும் உரியதன்று.

இத்தகைய நிலையில் நன்றி என்பதற்கு என்ன பொருள்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் தந்தையார் கம்பளி நூற்று விற்று வாழ்ந்தவர் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். நூலின் உழைப்பை அறிந்த இல்லத்தில் பிறந்த அப்பேரறிஞர், தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் பொறுமையையும் நன்றியையும் பிரிக்காமல் ஒரே பகுதியில் வைத்து ஆராய்கிறார். நன்றி என்பது அறிவு, உளநிலை, செயல் ஆகிய மூன்றும் இணைந்தது என்பது அவர் தரும் விளக்கம். அருட்கொடை யாரிடமிருந்து வந்தது என அறிவது முதற்படி. அதனால் உள்ளம் பணிந்து மகிழ்வது இரண்டாவது. எந்நோக்கத்திற்காக அது தரப்பட்டதோ அந்நோக்கத்தில் அதைச் செலுத்துவது மூன்றாவது. செயலின்றி நன்றி நிறைவுறாது.

இவ்விளக்கம் நம் பார்வையை மாற்றுகிறது. கூலி நின்ற நாளிலும் கைத்திறன் நிற்பதில்லை. துணை நிற்கும் குடும்பமும் அண்டை வீட்டாரும் அருட்கொடைகளே. இவற்றை எண்ணிப் பார்ப்பது வறுமையை மறப்பதற்காக அன்று. அடுத்த அடி வைப்பதற்கான வலிமையைக் கண்டுகொள்வதற்காக. பெற்ற திறனுக்கு உரிய கூலியைக் கேட்பதும், வேறு தொழில் கற்பதும், பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் நன்றிகேடு ஆகா. அவையும் நன்றியின் செயல் வடிவங்களே.

உலகப் பேறுகளில் தம்மினும் மேலுள்ளோரை நோக்காமல் கீழுள்ளோரை நோக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இறைவனின் அருட்கொடையை அற்பமாக எண்ணாதிருக்க அதுவே ஏற்றது என்றும் காரணம் காட்டினார்கள். ஒவ்வொருவரும் தம் கண்ணுக்கு இட்டுக்கொள்ள வேண்டிய நெறி இது. பிறர் வாயை அடைக்கும் கருவியன்று. கீழே நோக்குபவர் அங்கு ஒரு மனிதரைக் காண்கிறார். கண்ட பின் அவர்பால் கடமைப்படுகிறார். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறும், மனிதர்க்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவரே என்றும் வந்துள்ள நபிமொழிகளை இதனோடு சேர்த்துப் படித்தல் வேண்டும்.

மாதந்தோறும் ஊதியம் பெறும் நம்மில் பலருக்கு நன்றி என்பது இங்கிருந்தே தொடங்குகிறது. நம் இல்லத் திருமணங்களுக்குப் பட்டெடுக்கும்போது அது கைத்தறியா எனக் கேட்பதும், நெய்தவரின் கூலி குறையுமளவுக்கு விலையைக் குறைத்துக் கேளாதிருப்பதும், வேலையிழந்த அண்டை வீட்டாருக்கு அவர் கேட்குமுன் உதவுவதும் நம்மால் இயன்றவை. நெசவாளரிடம் நன்றியைப் போதிக்கும் முன், அவருக்கு நாம் பட்டிருக்கும் நன்றிக்கடனைத் தீர்ப்போமாக.