ஊருக்கு முதுகு காட்டிய ஹோட்டல்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லாஸ் வேகஸ் என்றோர் ஊர். சூதாட்டத்துக்குப் பேர்போன அந்த நெவாடாக்காரி அல்ல, இது வேறு.

1879இல் இங்கே கோச்சி வந்தது. ஆனால் தண்டவாளம், ஸ்பானிய மொழி பேசுவோரின் பழைய சதுக்கத்துக்கு ஒரு மைல் கிழக்கே போடப்பட்டது. ஊரே இரண்டாய்ப் பிளந்தது.

புதிய பக்கத்தில் 1898இல் எழும்பியதுதான் காஸ்டனேடா ஹோட்டல். சான்டா ஃபே புகையிரதக் கம்பனி கட்ட, பிரெட் ஹார்வியின் நிறுவனம் நடத்தியது. அதன் முகப்பு தண்டவாளத்தைப் பார்த்தது, முதுகுதான் ஊருக்கு. காசு கோச்சியில்தானே வந்திறங்கியது! 1899இல் தியடோர் ரூஸ்வெல்ட் தன் பழைய குதிரைப்படைத் தோழர்களைச் சந்திக்க வந்ததும் இங்கேதான்.

கோச்சிக்குள்ளேயே சாப்பாட்டுப் பெட்டி, வீதியில் மோட்டார் கார் என்றாக, 1948இல் கதவு சாத்தப்பட்டது. பிளந்த ஊர் 1970இல் ஒன்றாகியது. ஹோட்டல் மறுபடி திறக்க 2019 ஆயிற்று.